இடிபாடுகள் நடுவே ஒரு சாலை: அதை எப்படித் திருத்துவது?

ரோம் நகரத்தில், பியாத்சா வெனேசியா என்ற பெரிய சதுக்கத்திலிருந்து கொலோசியம் வரை நேர்கோடாக ஒரு சாலை போகிறது. நீளம் ஒரு கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. மெதுவாக நடந்தாலும் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பெயர் வியா தெய் ஃபோரி இம்பெரியாலி, அதாவது 'பேரரசு மன்றங்களின் சாலை'. வசதிக்காக இந்தக் கட்டுரையில் மன்றச் சாலை என்றே சொல்கிறேன்.

இந்தச் சாலையின் ஓரத்தில் நின்று கைப்பிடிச் சுவரைப் பிடித்து எட்டிப் பார்த்தால் கீழே பல மீட்டர் ஆழத்தில் பளிங்குத் தரைகள், முறிந்த தூண்கள், கோயில் படிகள். எதிர்ப்புறம் போய்ப் பார்த்தாலும் அதே காட்சி. அப்படியானால் நாம் நிற்கும் இடத்துக்கு அடியில்? அங்கேயும் அவைதான். ஒரே கட்டடத்தின் இடது பாதி சாலைக்கு இந்தப் பக்கமும் வலது பாதி அந்தப் பக்கமும் கிடக்க, நடுப்பகுதியின் மேல் பஸ் ஓடுகிறது.

இந்தச் சாலையை என்ன செய்யலாம் என்று ரோம் நகரம் ஏறக்குறைய அரை நூற்றாண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. எடுத்துவிடலாமா? அப்படியே விடலாமா? பாதி எடுக்கலாமா? வெளியிலிருந்து பார்த்தால் எளிய கேள்விதான், கார் முக்கியமா, வரலாறு முக்கியமா என்று. உள்ளே போகப் போகத்தான் அது எவ்வளவு சிக்கலான வேலை என்பது புரிகிறது. பழைய ஊர்களில் சாலை போடுகிறவர்களும் எதிர்க்கிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய எல்லாமே இந்த ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறது.

மன்றம் ஏன் பள்ளத்தில் இருக்கிறது?

ஃபோரம் என்ற லத்தீன் சொல்லுக்கு நம் 'மன்றம்' நன்றாகவே பொருந்தும். ஊர் கூடும் வெளி அது. வழக்கு பேசுவது, வியாபாரம், வழிபாடு, தேர்தல் எல்லாம் அங்கேதான். ரோமின் பழைய மன்றம் கூட்டம் தாங்காமல் போனபோது ஜூலியஸ் சீசர் பக்கத்திலேயே நிலம் வாங்கிப் புதிதாக ஒன்றைக் கட்டத் தொடங்கினார். அங்கிருந்த கோயில் கி.மு. 46-இல் திறக்கப்பட்டது. பின்னால் வந்த பேரரசர்கள் ஒருவரை ஒருவர் மிஞ்சப் பார்த்தார்கள். அகஸ்டஸின் மன்றம் கி.மு. 2-இல் வந்தது. வெஸ்பாசியன் கட்டிய அமைதிக் கோயில் கி.பி. 75-இலும் நெர்வாவின் மன்றம் 97-இலும் வந்தன. கடைசியாக 112-இல் திரையனின் மன்றம், எல்லாவற்றிலும் பெரியது. அதைக் கட்டியவர் டமாஸ்கஸிலிருந்து வந்த அப்பொலோடோரஸ் என்ற கட்டடக் கலைஞர். இந்த ஐந்தும் சுவரோடு சுவர் ஒட்டி நின்றன.

பேரரசு சரிந்தபின் இவற்றைப் பராமரிக்க ஆளில்லை. கல்லைப் பெயர்த்து வேறு கட்டடங்களுக்குக் கொண்டுபோனார்கள். பளிங்கைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். டைபர் ஆற்றின் வெள்ளம் வண்டல் கொண்டுவந்து சேர்த்தது. கழிவுநீர் வடிகால்கள் அடைத்துப் போய்ப் பள்ளம் சதுப்பானது. இடிந்த வீட்டின் மண்ணை யாரும் அள்ளி ஊருக்கு வெளியே கொட்டவில்லை. சமன்செய்து அதன்மேலேயே அடுத்த வீட்டைக் கட்டினார்கள். ஆயிரம் ஆண்டுகள் இப்படிப் போனால் தரைமட்டம் தானாகவே ஏறிவிடும். பழைய நகரங்களில் தோண்டினால் காலம் அடுக்கடுக்காக வருவதற்குக் காரணம் இதுதான். தொல்லியலில் இதை மண்ணடுக்கு என்கிறார்கள்.

16-ஆம் நூற்றாண்டின் இறுதியில், மைக்கேல் பொனெல்லி என்ற கர்தினால் இந்தச் சதுப்பை மேடாக்கி ஒரு குடியிருப்பை உருவாக்கினார். அவருக்கு வழங்கிய பெயரை ஒட்டி அது அலெஸ்ஸாந்திரீனோ பேட்டை ஆனது. சிறு தேவாலயங்கள், கடைகள், மூன்று நான்கு மாடி வீடுகள், குறுகலான தெருக்கள். மன்றங்களின் மேல் முந்நூற்று ஐம்பது ஆண்டுகள் மக்கள் வாழ்ந்தார்கள். இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் தேவைப்படும்.

சாலை வந்த கதை

இத்தாலியின் பாசிச சர்வாதிகாரி முசோலினி ஆட்சிக்கு வந்த பத்தாம் ஆண்டு நிறைவு 1932 அக்டோபர் 28. அந்த நாளில் திறந்தாக வேண்டும் என்று அவசர அவசரமாகப் போடப்பட்டதுதான் இந்தச் சாலை. அப்போது அதன் பெயர் பேரரசுச் சாலை. பியாத்சா வெனேசியாவில்தான் முசோலினியின் அலுவலகம். அதன் மாடத்திலிருந்து பார்த்தால் கொலோசியம் வரை நேராகத் தெரிய வேண்டும். அந்த அகன்ற வழியில் படைகள் அணிவகுத்து வர, இருபுறமும் பழைய ரோமின் தூண்கள் நிற்க வேண்டும். பழைய பேரரசின் வாரிசு நாங்கள்தான் என்று ஊருக்குச் சொல்ல வேறென்ன வேண்டும்?

இதற்காக அலெஸ்ஸாந்திரீனோ பேட்டையின் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நகரத்தின் விளிம்பில் புதிதாக எழுந்த குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டன. வேலை செய்த இடத்திலிருந்தும் சொந்தபந்தங்களிடமிருந்தும் வெகுதூரம். வழியில் வேலியா என்ற ஒரு குன்றும் இருந்தது. அதையும் வெட்டினார்கள். வெட்டும்போது, ரோம் என்ற ஊரே இல்லாத காலத்தில் அங்கே திரிந்த ஒரு பழங்கால யானையின் எலும்புகள் கிடைத்தன. அந்தக் குன்று இன்று இல்லை.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் வருத்தம் தருவது வேறொன்று. மன்றங்களை வெளிக்கொண்டு வருகிறோம் என்று தோண்டினார்கள். தோண்டிய இடத்தில் பெரும்பகுதியை முறையாகப் பதிவுகூடச் செய்யாமல் மறுபடி மூடி மேலே சாலை போட்டுவிட்டார்கள். மேலடுக்குகளில் இருந்த இடைக்காலச் சான்றுகள் கூடையில் அள்ளிக் கொட்டப்பட்டன. ஒரு அகழாய்வை இரண்டாம் முறை செய்ய முடியாது. புத்தகத்தின் பக்கங்களைப் படித்துக்கொண்டே எரிப்பது போன்றது அது. படித்ததை எழுதி வைக்காவிட்டால் அந்தப் பக்கம் போனது போனதுதான்.

போருக்குப் பின் பெயர் மாறியது, சாலை மாறவில்லை. அணிவகுப்புக்காகப் போட்ட அகன்ற தடம், கார்கள் பெருகியபோது நகர மையத்தின் முதன்மைச் சாலைகளில் ஒன்றானது. கொலோசியம் ஒரு பெரிய ரவுண்டானாவாகவே ஆகிவிட்டது. இரண்டாயிரம் ஆண்டுக் கட்டடத்தைச் சுற்றி இரவும் பகலும் வண்டிகள்.

புகை கல்லை என்ன செய்யும்?

1978-இன் இறுதியில் ரோமின் தொல்லியல் துறைத் தலைவராக இருந்த அட்ரியானோ லா ரெஜீனா ஓர் எச்சரிக்கை விடுத்தார்: பளிங்குச் சிற்பங்கள் கண்ணெதிரே கரைகின்றன. மிகைப்படுத்தல் அல்ல அது. ஏன் என்று பார்ப்போம், வேதியியல் எளிதுதான்.

பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல்லின் நெருங்கிய உறவு. வண்டிகளும் வீடுகளைச் சூடாக்கும் கொதிகலன்களும் எரிக்கும் எண்ணெயில் கந்தகம் இருந்தால், அது கந்தக டைஆக்சைடாக வெளியேறும். காற்றில் இருக்கும் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும். அந்த அமிலம் பளிங்கில் படும்போது மேற்பரப்பு ஜிப்சமாக மாறுகிறது. சுவர்களுக்கும் கூரைத் தட்டிகளுக்கும் பயன்படுத்துகிறோமே, அதே ஜிப்சம். பளிங்கைவிட அது மிருதுவானது, நீரில் எளிதில் கரைவது. மழை படும் இடத்தில் ஜிப்சம் கழுவப்பட்டு, ஒவ்வொரு மழைக்கும் சிற்பத்தின் மூக்கும் விரலும் கொஞ்சம் தேய்கின்றன. மழை படாத மூலையில் அது தங்கி, புகைக்கரியைப் பிடித்துக்கொண்டு கறுப்புப் பொருக்காகிறது. பொருக்கு உரியும்போது அடியில் இருக்கும் செதுக்கலையும் பெயர்த்துக்கொண்டு வரும்.

திரையன் தூணை எடுத்துக்கொள்ளுங்கள். கி.பி. 113-இல் நிறுவியது, சுற்றிச் சுற்றி மேலேறும் ஒரே நீண்ட புடைப்புச் சிற்பம், அதில் 2,000-க்கும் மேற்பட்ட மனித உருவங்கள். மன்றச் சாலையின் தொடக்கத்தில் வண்டிப் புகைக்கு நடுவே நிற்கிறது அது. 1980-களில் பல ஆண்டுகள் சாரம் கட்டி மூடிவைத்துத்தான் அதைச் சரிசெய்ய முடிந்தது. இதோடு அதிர்வும் இருக்கிறது. கல் பாவிய சாலையில் கனரக வண்டி ஓடும்போது எழும் நடுக்கம், ஏற்கெனவே விரிசல் கண்ட செங்கல் சுவர்களுக்கு நல்லதல்ல.

அப்போது ரோமின் மேயராக இருந்தவர் ஜூலியோ கார்லோ அர்கான், கலை வரலாற்றுப் பேராசிரியர். நினைவுச்சின்னங்களா கார்களா, ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வந்துவிட்டது என்ற பொருளில் அவர் பேசினார். 1979-இல் அவருக்குப் பின் மேயரான லூயிஜி பெத்ரோசெல்லி அதைச் செயலில் காட்டினார். 1981 பிப்ரவரியில் ஞாயிற்றுக்கிழமைகளில் மன்றச் சாலையை வண்டிகளுக்கு மூடினார். மக்கள் திரண்டு வந்தார்கள். கேப்பிட்டோலியக் குன்றையும் பழைய மன்றத்தையும் பிரித்த சிறு சாலை எடுக்கப்பட்டது. கொலோசியத்துக்கும் கான்ஸ்டன்டைன் வளைவுக்கும் இடையில் வண்டி போவது நின்றது. அதே ஆண்டு ரோமின் தொல்லியல் சின்னங்களைக் காக்க 18,000 கோடி லிரா ஒதுக்கி இத்தாலிய நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றியது.

அக்டோபரில் பெத்ரோசெல்லி திடீரென்று இறந்துபோனார். வேகம் குறைந்தது.

எடுத்துவிடு என்றவர்கள், வேண்டாம் என்றவர்கள்

சாலையையே பெயர்த்தெடுத்துவிட வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் எழுதியவர் அந்தோனியோ செதெர்னா என்ற இதழாளர். மன்றங்களில் தொடங்கி, தெற்கே பழைய அப்பியன் நெடுஞ்சாலை வரை இடையறாத ஒரு பெரும் தொல்லியல் பூங்கா. அதுதான் அவர் கண்ட கனவு. ஊரின் மையத்திலிருந்து நடக்கத் தொடங்கினால் வயல்வெளி வரை வண்டியைப் பார்க்காமலே போகலாம். 1980-களில் லியோனார்தோ பெனெவோலோ என்ற நகரமைப்பாளரின் குழு இதற்கான திட்டத்தையும் வரைந்தது. கேட்கவே நன்றாக இருக்கிறது. முதன்முதலில் இதைப் படித்தபோது, இதற்கு யார் எதிர்ப்பு சொல்வார்கள் என்றுதான் நினைத்தேன்.

எதிர்த்தவர்களில் கார் ஓட்டுகிறவர்கள் மட்டும் இல்லை. தொல்லியலாளர்களும் இருந்தார்கள். அவர்கள் சொன்ன காரணங்களைப் பொறுமையாகக் கேட்க வேண்டும். இந்த விஷயத்தின் நெஞ்சே அங்குதான் இருக்கிறது.

முதலாவது, மண்ணுக்குள் இருப்பது பாதுகாப்பாக இருக்கிறது. மூடிய மண்ணில் வெப்பமும் ஈரமும் பெரிதாக மாறுவதில்லை. வெயில், மழை, புறா எச்சம், செடி வேர் எதுவும் அண்டாது. தோண்டி வெளியே கொண்டுவந்த நாளிலிருந்து அந்தச் சுவருக்கு வயதாகத் தொடங்குகிறது. வடிகால் வேண்டும், களை எடுக்க ஆள் வேண்டும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பூச்சு வேண்டும், என்றென்றைக்கும். தோண்டுவதற்குப் பணம் தருகிறவர்கள் உண்டு. முப்பது ஆண்டுகள் களை எடுக்கப் பணம் தருகிறவர்கள் அரிது. இந்தச் சாலையோரமே நின்ற தோர்ரே தெய் கோந்தி என்ற இடைக்காலக் கோபுரம் 2025 நவம்பர் 3 அன்று புதுப்பிப்பு வேலையின்போதே ஓரளவு இடிந்து விழுந்து ஒரு தொழிலாளி உயிரிழந்தார். நின்றுகொண்டிருக்கும் பழைய கட்டடத்தைக் காப்பாற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். அந்த வகையில் சாலை ஒரு மூடி. அசிங்கமான மூடிதான், ஆனாலும் காக்கிறது.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. சாலையும் இப்போது வரலாறு ஆகிவிட்டது. நினைவுச்சின்னப் பாதுகாப்புக்கு உலகம் முழுக்க அடிப்படையாகக் கொள்ளப்படும் 1964-ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தின் 11-ஆம் பிரிவு, ஒரு சின்னத்தில் எல்லாக் காலத்தவரும் சேர்த்த தகுதியான பங்களிப்புகளை மதிக்க வேண்டும் என்கிறது. ஒரே பாணியாக ஆக்குவது நோக்கம் இல்லை என்றும் சொல்கிறது. அப்படியானால் 1932-உம் ஓர் அடுக்குதானே? அது பாசிசத்தின் அடுக்கு என்பதால் எடுத்துவிடலாம் என்றால், அலெஸ்ஸாந்திரீனோ பேட்டையை இடித்தவர்கள் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான்: இது மட்டமான காலத்தின் குப்பை, இதை எடுத்தால் உயர்ந்த காலம் தெரியும். எந்த அடுக்கு உயர்ந்தது என்று முடிவுசெய்யும் உரிமை யாருக்கு?

இந்தக் கேள்விக்கு என் பதில் இது. அடுக்கை மதிப்பது வேறு, அதன் வேலையை அப்படியே தொடர விடுவது வேறு. சாலை அங்கே இருந்தது என்பது தெரிய வேண்டும். அது மையச் சாலையாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதில்லை.

அணிவகுப்பு ஒன்று இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. ஜூன் 2 இத்தாலியக் குடியரசு நாள். அன்று ராணுவ அணிவகுப்பு இந்தச் சாலையில்தான் நடக்கிறது. முசோலினி தன் புகழுக்குப் போட்ட பாதையில், அவரை வீழ்த்திப் பிறந்த குடியரசு நடந்து போகிறது. பல இத்தாலியர்களுக்கு அதில் ஒரு நிறைவு உண்டு. அதை வெறும் பிடிவாதம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

அப்போ வண்டிகள் எங்கே போகும்?

பரபரப்பான சாலையை மூடலாம் என்று யார் சொன்னாலும் முதலில் வரும் கேள்வி இது. தண்ணீர்க் குழாயை ஓரிடத்தில் அடைத்தால் வேறிடத்தில் பீறிடும் என்ற எண்ணத்தில் பிறக்கும் கேள்வி. ஆனால் போக்குவரத்து தண்ணீர் இல்லை. தண்ணீருக்கு மனம் கிடையாது, ஓட்டுநருக்கு உண்டு. வழி மூடினால் சிலர் வேறு சாலையில் போவார்கள், சிலர் மெட்ரோவுக்கு மாறுவார்கள், சிலர் நேரத்தை மாற்றுவார்கள், சிலர் அந்தப் பயணமே தேவையில்லை என்று விட்டுவிடுவார்கள். அதனால் மூடிய சாலையில் ஓடிய வண்டிகளில் ஒரு பகுதி எங்கேயும் தென்படாமல் போய்விடும். நகரமைப்பாளர்கள் இதைப் போக்குவரத்து ஆவியாதல் என்பார்கள். புதிய சாலை போட்டால் புதிய வண்டிகள் வந்து சேர்வதன் மறுபக்கம் அது.

ஆனால் எல்லாமே ஆவியாகிவிடாது. மீதி பக்கத்துத் தெருக்களுக்குள் நுழையும். 2013 ஆகஸ்ட் 3 அன்று, மேயராகிச் சில வாரங்களே ஆன இக்னாசியோ மரீனோ, லார்கோ கொர்ராதோ ரிச்சி என்ற சந்திப்பிலிருந்து கொலோசியம் வரை தனியார் கார்களுக்குத் தடை விதித்தார். பஸ், டாக்ஸி, சைக்கிள் மட்டும் போகலாம். கொலோசியத்துக்கு அந்தப் பக்கத்தில் கடை வைத்திருந்தவர்களும் குடியிருந்தவர்களும் கோபப்பட்டார்கள். தங்கள் தெருவில் வழி மாற்றப்பட்டது, நெரிசல் கூடியது என்பது அவர்கள் குறை. அது நியாயமான குறை. நினைவுச்சின்னத்தைக் காப்பாற்ற நகரம் முழுவதும் எடுக்கும் முடிவின் சுமையை நான்கு தெருக்காரர்கள் மட்டும் சுமக்கக் கூடாது. சாலையை மூடுவதற்கு முன்பே மாற்றுவழியைக் கொடுத்துவிட வேண்டும் என்று போக்குவரத்து வல்லுநர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ரோமில் அந்த மாற்றுவழி மெட்ரோவின் சி தடம். அது வருவதற்குப் பல ஆண்டுகள் ஆயின. முக்கியக் காரணம்: எங்கே தோண்டினாலும் ஏதாவது கிடைக்கும். ரயில் ஓடும் குகைவழி பிரச்சினை இல்லை. பெரிய துளைப்பொறி, மனிதச் சுவடுகளுக்கெல்லாம் கீழே ஆழத்தில் குடைந்து போய்விடும். பிரச்சினை நிலையங்கள். பயணி மேலிருந்து கீழே இறங்க வேண்டும். இறங்கும் வழி எல்லா அடுக்குகளையும் ஊடுருவித்தான் ஆக வேண்டும். முதலில் சுற்றிலும் ஆழமான கான்கிரீட் சுவர்களை இறக்கிப் பெட்டிபோல ஆக்கினார்கள். அப்புறம் மேலிருந்து கீழாக, தொல்லியலாளர்கள் கையால் அடுக்கடுக்காகத் தோண்டி, ஒவ்வொன்றையும் பதிவுசெய்து, அதன்பின்தான் இயந்திரம் இறங்கியது. கொலோசியம் நிலையம் இருக்கும் இடத்தில் பழங்காலக் கிணறுகள் பல கிடைத்தன. அவற்றில் கிடைத்த பொருள்களை நிலையத்துக்குள்ளேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். 2025 டிசம்பர் 16 அன்று அது திறந்தது. டிக்கெட் எடுத்து ரயிலுக்கு இறங்குகிறவர்களுக்கு வழியிலேயே ஓர் அருங்காட்சியகம். அடுத்த நிலையம் சாலையின் மறுமுனையில், பியாத்சா வெனேசியாவுக்கு அடியில் அமைகிறது. முன்பு அங்கே சோதனைக் குழி வெட்டியபோது ஹேட்ரியன் காலத்துச் சொற்பொழிவுக் கூடங்கள் கிடைத்தன.

புதிதாக வரையப்போவது என்ன?

2023-இல் ரோம் மாநகராட்சி இந்தப் பகுதிக்கென்று ஒரு சர்வதேச வடிவமைப்புப் போட்டியை அறிவித்தது. மன்றங்களைச் சுற்றி, கொலோசியம், பாலட்டைன் குன்று, கேப்பிட்டோலியம் எல்லாவற்றையும் இணைக்கும் ஒரு நடைவழி வளையம். அதன் முதுகெலும்பு மன்றச் சாலை. ஒதுக்கீடு 1.88 கோடி யூரோ. 2024-இல் ரோமைச் சேர்ந்த லாபிக்ஸ் என்ற கட்டடக் கலை நிறுவனம் வென்றது. சாலையை எடுத்துவிடும் திட்டம் அல்ல இது. சாலையின் குணத்தை மாற்றும் திட்டம்: வண்டிக்கான அகலம் குறையும், நடப்பவர்களுக்கான இடம் கூடும், ஓரங்களில் நின்றும் உட்கார்ந்தும் இடிபாடுகளைப் பார்க்க மேடைகள் வரும், நிழலுக்கு மரங்கள் வரும்.

பார்க்க எளிது, செய்வது அப்படியல்ல. மரம் நட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ரோமின் ஜூலை வெயிலில் அந்த அகன்ற சாலையில் நிழலில்லாமல் நடப்பது பெரும்பாடு, அதனால் மரம் வேண்டும். ஆனால் மரத்துக்கு வேர் உண்டு. கீழே ஒன்றிரண்டு மீட்டரில் இரண்டாயிரம் ஆண்டுச் சுவர் இருக்கலாம். 1930-களில் நட்ட குடைபோன்ற பைன் மரங்களே ஏற்கெனவே வேர்களால் தரையைத் தூக்கிவிட்டிருக்கின்றன. எங்கே மண் ஆழமோ அங்கே மட்டும்தான் நட முடியும். விளக்குக் கம்பம் ஊன்றுவதற்கும் இதே கதை.

தரை இன்னொரு தலைவலி. ரோம் என்றாலே சம்பியெத்ரீனி என்ற சிறு கறுப்புக் கற்கள் பாவிய தெருக்கள்தான். பார்க்க அழகு. சக்கர நாற்காலியில் போகிறவருக்கும் தள்ளுவண்டியில் குழந்தையோடு வரும் தாய்க்கும் அது கொடுமை. எல்லாருக்கும் என்று திறக்கும் இடத்தில் இதை விட்டுவிட முடியாது. வழவழப்பான ஒரு தடமாவது வேண்டும். அதே தரை, ஆண்டுக்கொருமுறை வரும் ராணுவ வண்டிகளின் எடையையும் தாங்க வேண்டும். அதோடு, நாளை வேறொரு தலைமுறை இதைக் கழற்றிவிட்டு அடியில் தோண்ட நினைத்தால் கழற்ற முடிய வேண்டும். பழைய சின்னங்களுக்குப் பக்கத்தில் எதைச் செய்தாலும் பின்னால் வருகிறவர்கள் திருப்பி எடுக்க முடிகிற மாதிரி செய் என்பது பாதுகாப்புத் துறையின் பொன்விதி. 1932-இல் போட்டவர்கள் அப்படி யோசிக்கவில்லை. அதனால்தான் இன்றும் தொல்லை.

கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. இடிப்புக்குத் தப்பி நடுவில் எஞ்சியிருந்த அலெஸ்ஸாந்திரீனா என்ற பழைய தெருவின் ஒரு பகுதியை அண்மையில் எடுத்து, அடியில் திரையன் மன்றத்தைத் தோண்டினார்கள். 2019 மே மாதம் அங்கே ஒரு இடைக்காலச் சுவரில் செங்கல்லோடு செங்கல்லாகப் பதித்து வைத்திருந்த பளிங்குத் தலை ஒன்று கிடைத்தது, டயோனிசஸ் என்ற தெய்வத்தின் தலை. கண்டெடுத்தவர்களின் மகிழ்ச்சி எனக்குப் புரிகிறது. ஆனால் பேட்டையின் கடைசித் தெருவும் அதனால் தேய்ந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். எல்லாத் தோண்டலிலும் ஏதோ ஒன்று கிடைக்கிறது, ஏதோ ஒன்று போகிறது.

மற்ற ஊர்கள் வேறு வழிகளைப் பார்த்திருக்கின்றன. ஏதென்ஸ், 2004 ஒலிம்பிக்கை ஒட்டி அக்ரோபோலிஸ் குன்றின் அடிவாரத்தில் வண்டிகள் ஓடிய பெரிய தெருவை முழுக்க நடைவழியாக்கியது. அங்கே சாலைக்கு அடியில் மன்றங்கள் இல்லாததால் வேலை ஓரளவு எளிது. இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்ச் பக்கமாக ஓடும் ஏ303 நெடுஞ்சாலையைச் சுரங்கத்துக்குள் இறக்கும் திட்டம் பல ஆண்டு வழக்குகளுக்குப் பின் 2024-இல் செலவு தாங்காது என்று கைவிடப்பட்டது. கண்ணில் படாமல் செய்துவிட்டால் போதும் என்ற தீர்வு எப்போதும் விலை அதிகம்.

நமக்கும் இந்த இடத்தோடு ஒரு தொடர்பு இருக்கிறது. மன்றச் சாலையின் கொலோசியப் பக்கத்தில் மாக்சென்டியஸின் பெருங்கூடம் நிற்கிறதே, அதற்கு அடியில்தான் டொமிஷியன் என்ற பேரரசர் கட்டிய மிளகுக் கிடங்குகள் இருந்தன. யவனர் கலங்கள் பொன்னோடு வந்து கறியோடு திரும்பின என்று சங்கப் புலவர் முசிறித் துறையைப் பாடினாரே, அந்தக் கறி, அந்த மிளகு, கடல் கடந்து போய் மூட்டை மூட்டையாக இறங்கிய இடம் அது.

ரோமுக்குப் போக வாய்த்தால் சாலையின் மேலே மட்டும் நடந்துவிட்டு வராதீர்கள். திரையன் தூணுக்குப் பக்கத்தில் டிக்கெட் எடுத்துக் கீழே இறங்குங்கள். திரையன் மன்றத்தின் தரையில் நடந்து போனால், சாலைக்கு நேர் அடியில் ஒரு சுரங்க வழி சீசரின் மன்றத்துக்கு இட்டுச்செல்லும். நடுவில் ஒரு நிமிடம் நில்லுங்கள். தலைக்கு மேலே 1932-இன் சாலை. காலுக்குக் கீழே சீசர்கள் காலத்துத் தரை. இரண்டுக்கும் நடுவில், நீங்கள் நிற்கும் உயரத்தில்தான் ஒருகாலத்தில் அலெஸ்ஸாந்திரீனோ பேட்டைக்காரர்களின் வீட்டு நிலவறைகள் இருந்தன.